கிழக்குப் பாதி, மேற்குப் பாதி

ஸ்டுடியோவில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டச்சப் என்றால் அவள்தான். மாப்பிள்ளையின் முகப்பரு, மணப்பெண்ணின் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம், குடும்பப் படத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் குப்பைத்தொட்டி, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்து எடுப்பது அவள் வேலை. கெட்டிக்காரி. போன மாதம் ஒரு ஆல்பத்தில் பெண்ணின் சித்தப்பாவுக்கு நெற்றிக்கு மேலே இல்லாத முடியைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த மனுஷர் நேரில் வந்து, கண்கலங்கி, இன்னும் ரெண்டு பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணப்பெண்ணின் மூக்கு நுனியில் இருந்த பளபளப்பைக் குறைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் ‘அண்ணி’ என்று வந்ததும் மௌஸை விட்டுவிட்டு எடுத்தாள். அண்ணி என்றால் புருஷனின் அக்கா. வேலை நேரத்தில் போன் பண்ணுகிற ஆள் இல்லை. வேலை நேரத்தில் யாராவது தனக்குப் போன் பண்ணினாலே கடித்துக் குதறுகிற ஆள்.

“எங்க இருக்கே?”

“ஸ்டுடியோலதான் அண்ணி.”

“பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“முதலாளி சாப்பிடப் போயிருக்கார்.”

“சரி, கேளு. டாக்டர் பேசினார்.”

இந்த டாக்டர் ஊசி போடுகிறவர் இல்லை. வானாய்வு நிலையத்தில் இருப்பவர். மங்கலான கேலக்ஸிகளைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியவர். நாத்தனார் சில வாரங்களுக்கு முன்னால், தான் எடுத்த ஒரு வானப் படத்தை, அதில் மங்கலாகத் தெரிந்த ஒரு திட்டைக் காட்டி, அவருக்கு அனுப்பியிருந்தாள்.

“இன்னைக்கு ராத்திரி அவங்க பெரிய டெலஸ்கோப்புல யாரோ ஒருத்தரோட வேலை ரத்தாயிடுச்சாம். கொஞ்ச நேரம் சும்மா கிடக்குதாம். நம்ம மங்கலைப் பாக்கலாம்ங்கறார்.”

“ஐயோ அண்ணி!”

“கத்தாதே. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள உறுதியாச் சொல்லணும். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ரெண்டு பாதியிலயும் தெரியுதான்னு.”

டச்சப்புக்குப் புரிந்துவிட்டது. நாத்தனார் வீட்டு டெலஸ்கோப் ஒரு கேலக்ஸியைக் கிழக்கே எழும்போது பிடித்து, அது நகர நகரக் கூடவே திரும்பிக்கொண்டு போகும். கேலக்ஸி உச்சிக்கு வரும் நேரத்தில் குழாய் தன் தாங்கியிலேயே முட்டிக்கொள்ளும். அதனால் அங்கே ஒரு தடவை மொத்தக் குழாயையும் மறுபக்கம் தூக்கிப் போட வேண்டும். அப்போது கேமரா தலைகீழாகிவிடும். அதற்கு முன்னால் எடுத்ததெல்லாம் கிழக்குப் பாதி. பின்னால் எடுத்ததெல்லாம் மேற்குப் பாதி. வானத்தில் நிஜமாகவே இருக்கிற பொருள், கேமரா எப்படிப் புரண்டாலும், நட்சத்திரங்களுக்கு நடுவில் தன் இடத்தில் அசையாமல் இருக்கும். கண்ணாடியில் படிந்த தூசி, குழாய்க்குள் எட்டிப் பார்த்த விளக்கு வெளிச்சம் மாதிரியான கள்ளச் சரக்கெல்லாம் ஒரு பாதியில் இருந்தால் மறு பாதியில் அந்த இடத்தில் இருக்காது. பொய்யைப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

“நான் இப்ப ஒரு லிஃப்ட்டுக்குள்ள இறங்கப் போறேன்,” என்றாள் நாத்தனார். “நீ ரெண்டு பாதியையும் தனித்தனியா ஓட்டிப் பாத்துட்டு எனக்குச் சொல்லு. இருக்குன்னா இருக்கு, இல்லைன்னா இல்ல.”

போன் வைக்கப்பட்டது. நாத்தனார் பேச்சை முடிக்கிற விதம் எப்போதும் அப்படித்தான். வேலை, லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்ட்டின் கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, ஆள் ஏறலாம் என்று கையெழுத்துப் போடுகிறவள். லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் அவள் வருகிறாள் என்றால் முந்தின நாளே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்துக்கொள்வார்கள். கையெழுத்தில் அவ்வளவு கறார். ராத்திரியானால் தன் வீட்டு மொட்டை மாடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டெலஸ்கோப்புக்குக் காவல் இருப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது.

இவர்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் இருந்த கதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா அம்மா இல்லாத தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் நாத்தனார். அந்தத் தம்பி காதலித்ததையும் கல்யாணத் தேதி குறித்ததையும் உலகத்துக்கெல்லாம் சொல்லிவிட்டு, பயத்தில் அக்காவுக்குக் கடைசியாகச் சொன்னான். “கடைசியில சொன்னவங்க வீட்டுல எனக்கென்ன வேலை?” என்று அவள் கல்யாணத்துக்கே வரவில்லை. அதற்குப் பிறகு தம்பி மட்டும் அக்கா வீட்டுக்குப் போவான், வருவான். டச்சப்பை ஒரு தடவைகூட வா என்று கூப்பிட்டதில்லை. தப்பு செய்தது அந்தத் தடியன். வாசல் மூடியது இவளுக்கு. நியாயம் கேட்டால் யார் சொல்வது?

வழி திறந்தது படங்களால்தான். ஒருநாள் புருஷன் ஒரு பென் டிரைவை நீட்டி, “அக்கா எடுத்த படமெல்லாம் சாம்பலைக் கொட்டின மாதிரி இருக்கு. நீ கொஞ்சம் பாக்கறியா?” என்றான். அவள் பார்த்தாள். தெரியாத மென்பொருளை வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க, சாம்பல் அடங்கி, அடியிலிருந்து ஒரு கேலக்ஸி மெதுவாக மேலே வந்தது. அடுத்த வாரம் அவளுக்கு முதல் போன் வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை. “அந்த மூலையில இருந்த பச்சை அழுக்கை எப்படி எடுத்தே?” என்றது குரல்.

அன்றிலிருந்து வாரா வாரம் பேச்சு. பேச்செல்லாம் படத்தைப் பற்றித்தான். சாப்பிட்டியா என்றுகூட நாத்தனார் கேட்டதில்லை. ஆனால் ஒரு தடவை டச்சப் ஜுரத்தில் படுத்திருந்தபோது, “குரல் ஏன் இப்படி இருக்கு? படம் அடுத்த வாரம் வந்தாப் போதும்,” என்றாள். டச்சப் அந்த ஒரு வாக்கியத்தை யாரிடமும் சொல்லாமல் நெடுநாள் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படி ரெண்டு குளிர்காலம் சேர்த்த படங்களில்தான் அந்த மங்கல் தெரிந்தது. பக்கவாட்டில் தெரிகிற பெரிய கேலக்ஸிக்குக் கொஞ்சம் தள்ளி, கண்ணாடியில் யாரோ மூச்சு விட்ட மாதிரி ஒரு சின்னத் திட்டு. எந்த அட்டவணையிலும் அது இல்லை. பெரிய கேலக்ஸியைச் சுற்றி வரும் ஒரு குட்டி கேலக்ஸியாக இருக்கலாம், இதுவரை யாரும் பார்க்காதது. இருக்கலாம் என்பதுதான் பிரச்சினை. கொஞ்ச காலத்துக்கு முன்னால் இப்படித்தான் நாத்தனார் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று வானம் பார்க்கும் குழுவில் போட்டாள். அது அவளுடைய டெலஸ்கோப் கண்ணாடியிலேயே பட்டுத் தெறித்த வெளிச்சம். இன்றைக்கும் குழுவில் யாராவது, “இன்ஸ்பெக்டர் மேடம், இன்னைக்கு ஏதாவது புதுசா மாட்டிச்சா?” என்று கேட்டுச் சிரிப்பு பொம்மை போடுகிறார்கள். இந்தத் தடவை பெரிய டெலஸ்கோப்பையே திருப்ப வைத்து, அங்கே ஒன்றும் இல்லை என்று ஆனால், நாத்தனாருக்கு மானம் போகும். டச்சப்புக்கு நாத்தனாரே போய்விடுவாள்.

அவள் கைப்பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் செருகினாள். வீட்டில் இருப்பது கிழட்டுக் கம்ப்யூட்டர், அதில் ஓட்டினால் நாளைக்குத்தான் முடியும். மூக்குப் பளபளப்புடன் மணப்பெண்ணை அப்படியே ஓரமாக ஒதுக்கிவிட்டு, படங்களைக் கிழக்கு, மேற்கு என்று ரெண்டாகப் பிரித்து, ஓடவிட்டாள்.

முதலாளி பல்லைக் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். “ஆல்பம் என்னாச்சு?”

“ஓடிட்டிருக்கு சார்.”

அவர் திரையைப் பார்த்தார். கறுப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். “என்னம்மா இது, ஸ்கிரீன் போயிடுச்சா?”

“இல்ல சார், ஒரு செட்டிங். சரியாயிடும்.”

“சாயங்காலம் பொண்ணு வீட்ல வந்து நிப்பாங்க,” என்று சொல்லிவிட்டு அவர் முன்னறைக்குப் போனார். வாடிக்கையாளர் முன்னால் மட்டும் கத்த மாட்டார் என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே நல்ல குணம். முன்னறையில் பாஸ்போர்ட் படத்துக்கு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

வேலை எவ்வளவு ஆனது என்று காட்டும் பச்சைக் கோடு நகர்ந்தது. நகர்ந்தது என்று பேர்தான். டச்சப் நகத்தைக் கடித்தாள், கடிக்க நகம் தீர்ந்ததும் பேனா மூடியைக் கடித்தாள். கிழக்குப் பாதி முடிந்தது. மேற்குப் பாதியும் முடிந்தது. ரெண்டையும் திறந்து, மங்கலான வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மேலே இழுத்தாள். கிழக்கில் இருந்தது. மேற்கிலும் இருந்தது. அதே இடம்.

போனைப் போட்டாள், லிஃப்ட் குழியிலிருந்து அப்போதுதான் மேலே வந்திருந்த நாத்தனார் உடனே எடுத்தாள். “அண்ணி, இருக்கு! ரெண்டுலயும் இருக்கு!”

 அந்தப் பக்கம் நாத்தனார் சிரித்தாள். கலகலவென்று, பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி. இத்தனை வருஷத்தில் டச்சப் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை. “இரு, இப்பவே டாக்டருக்குச் சொல்லிடறேன். ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு தாளாக்கி வை. நல்லாப் பண்ணினே,” என்றாள். நல்லாப் பண்ணினே என்று நாத்தனார் சொன்னாள் என்று புருஷனிடம் சொன்னால் நம்ப மாட்டான்.

டச்சப் ரெண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். சும்மா, பார்க்கிற சந்தோஷத்துக்காக. மங்கல் ரெண்டிலும் ஒரே அளவு. ஒரே வடிவம். இடது ஓரத்தில் லேசாகப் பிய்ந்த மாதிரி இருந்த விளிம்புகூட ரெண்டிலும் அச்சு அசல் ஒன்று.

மௌஸின் மேல் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நாளெல்லாம் முகம் பார்க்கிறவள் அவள். இரட்டைப் பிள்ளைகள்கூட இப்படி ஒன்றுபோல் இருப்பதில்லை. வேறு வேறு நேரத்தில் எடுத்த படங்கள், ஒவ்வொன்றிலும் சாம்பல் புள்ளிகள் வேறு வேறு மாதிரி. நிஜமான பொருளாகவே இருந்தாலும் இவ்வளவு மங்கலான ஒன்றின் ஓரம் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் மாறித்தான் தெரிய வேண்டும்.

செட்டிங்குகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு வரியில் கண் நின்றது. 

நிலா இருந்த ராத்திரி, மேகம் மிதந்த ராத்திரி என்று ஒவ்வொரு படத்திலும் வானத்தின் வெளிச்சம் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதையெல்லாம் சமமாக்க, மென்பொருளுக்கு ஒரு மாதிரிப் படத்தைக் கொடுப்பார்கள். இதைப் பார்த்து மற்றதையெல்லாம் சரிசெய் என்று அர்த்தம். அவள் மாதிரியாகக் கொடுத்திருந்தது, போன மாதம் தானே முடித்து வைத்த படத்தை. அந்த மங்கல் பளிச்சென்று தெரிகிற படத்தை. மென்பொருளுக்கு என்ன தெரியும்? மாதிரியில் அந்த இடத்தில் வெளிச்சம் இருக்கிறது என்று, எல்லாப் படத்திலும் அந்த இடத்தில் வெளிச்சத்தை ஏற்றிவிட்டது. ஒரு பையனின் விடைத்தாளை வகுப்பு முழுக்கச் சுற்றுக்கு விட்டுவிட்டு, அடேயப்பா எல்லாரும் ஒரே பதில் எழுதியிருக்கிறார்களே என்று வாத்தியார் ஆச்சரியப்பட்ட கதைதான்.

அவள் செய்த பரீட்சை பரீட்சையே இல்லை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே எதையும் சொல்ல முடியாது, மங்கல் நிஜமாகவும் இருக்கலாம். எதுவும் துடைக்காத, எதுவும் ஏற்றாத ஒரே ஒரு பச்சைப் படத்தை மாதிரியாக வைத்து மறுபடியும் ஓடவிட்டாள். கடவுளே, ரெண்டிலும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டால் வானத்தில் கேலக்ஸி முளைக்குமா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகை மாதிரி ஆனது.

“என்னம்மா, பொண்ணு மூக்கு இன்னும் மினுங்குதே!” முதலாளி பின்னால் வந்து நின்றார். “இந்தப் புள்ளியெல்லாம் என்ன? யார் வேலை இது?”

“சார், அரை மணி நேரம். உங்க காலைப் பிடிச்சுக்கறேன்.”

“அந்தக் காலாலதான் பொண்ணு வீட்டுக்காரங்க என்னை உதைப்பாங்க.” ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவர் வேறு எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

பச்சைக் கோடு ஓரத்தைத் தொட்டது. மேற்குப் பாதியை முதலில் திறந்தாள். மங்கல் இருந்தது, முன்னைவிடத் தெளிவாக. கிழக்குப் பாதியைத் திறந்தாள். பெரிய கேலக்ஸி இருந்தது, நட்சத்திரங்கள் இருந்தன. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. இழுத்துப் பார்த்தாள். இன்னும் இழுத்தாள். படம் முழுக்கப் புழுதியாகிற வரைக்கும் இழுத்தாள். ஒன்றும் இல்லை. உச்சியைத் தாண்டிக் குழாய் மறுபக்கம் சாய்ந்ததும் எங்கிருந்தோ ஒரு துளி வெளிச்சம் உள்ளே புகுந்திருக்கிறது. அவ்வளவுதான் அந்தக் குட்டி கேலக்ஸி.

நாத்தனாருக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள், மறுபடியும் அடித்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் போனைப் பைக்குள் வைத்து மேலேயே விட்டுவிடுவாள். குறுஞ்செய்தி அனுப்பினாள், பார்க்கப்படவில்லை. டாக்டரின் நம்பர் இவளிடம் கிடையாது. இருந்தாலும் நாத்தனாரைத் தாண்டி அவரிடம் பேசுவதைவிட மாடியிலிருந்து குதித்துவிடலாம்.

மருந்துக்கடையில் வேலையில் இருந்த புருஷனைக் கூப்பிட்டாள். “உங்கக்கா இன்னைக்கு எந்தக் கட்டடத்துல இருக்காங்க?”

“பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, அந்தப் புது இன்ஷூரன்ஸ் ஆபீஸ். ஏன், ரெண்டு பேருக்கும் சண்டையா?”

“இனிமேதான்.”

ரெண்டு பாதிகளையும் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்தாள். சூடு ஆறாத படங்களைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, பாஸ்போர்ட் வரிசையில் இருந்தவர்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினாள். “ஆல்பம்!” என்று முதலாளி கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாடிக்கையாளர் முன்னால் கத்தினார்.

கடைவீதியில் சாயங்காலக் கூட்டம். ரெண்டு பஸ்களுக்கு நடுவில் புகுந்து, ஒரு டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குள் நுழைந்தபோது வாட்ச்மேன் கையை நீட்டினார். “எங்கம்மா போறீங்க? லிஃப்ட் ஓடாது. இன்ஸ்பெக்ஷன்.”

“இன்ஸ்பெக்டரைத்தான் பாக்கணும்.”

“அவங்க உச்சியில, பதினோராவது மாடியில இருக்காங்க.” அவர் படிக்கட்டைக் காட்டினார். முகத்தில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

ஏறினாள். நாலு மாடி ஓட்டம், அதற்கு மேல் நடை, அதற்கும் மேல் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தாள். மென்பொருள் தப்புப் பண்ணிவிட்டது என்று சொல்லலாம். மின்சாரம் போய்விட்டது என்று சொல்லலாம். மேலே போய்ச் சேர்ந்தபோது சொல்ல மூச்சே இல்லை.

உச்சி மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. அதற்கு முன்னால் மஞ்சள் தடுப்பு. உள்ளே, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல், தரைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, தலைக்கவசத்தோடு நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மெக்கானிக் கையில் டார்ச்சோடு. கட்டட மேனேஜர் தடுப்புக்கு வெளியே நின்று, “மேடம், திங்கக்கிழமை திறப்பு விழா,” என்று ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் நாத்தனாரின் முகம் மலர்ந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். “இங்கேயே கொண்டு வந்துட்டியா? டாக்டருக்குச் சொல்லியாச்சு. அவருக்கு ஒரே சந்தோஷம்.”

“அண்ணி,” என்றாள் டச்சப். “இல்ல அண்ணி.”

“என்ன இல்ல?”

அவள் படங்களை விரித்து நீட்டினாள். சொன்னாள். மாதிரிப் படத்தை மாற்றி வைத்தது, மறுபடி ஓட்டியது, கிழக்கில் இல்லாதது, எல்லாவற்றையும் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். நாத்தனார் மெக்கானிக்கின் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கி, படங்களின் மேல் அடித்துப் பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல இறுகிப்போனது.

“முதல்ல இருக்குன்னு சொன்னே.”

“அது தப்பு அண்ணி.”

“இது தப்பா இருந்தா?”

“இது சரி.”

“கிழக்குப் பக்கம் எப்பவும் பனிப்புகை. எங்க தெரு முழுக்க அந்தப் பக்கம் வெளிச்சம். மங்கலான பொருள், பனியில அமுங்கிப் போயிருக்கும்.” நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். மேனேஜரும் மெக்கானிக்கும் வேறு பக்கம் பார்ப்பதாகப் பாவனை செய்தார்கள். “நீ உறுதியாச் சொல்ல வேண்டாம். ஒருவேளை இருக்கலாம்னு சொல்லு. அது போதும். அவங்க டெலஸ்கோப் பாத்துக்கும்.”

 டச்சப்புக்குச் சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. ஒரு வார்த்தை. சொன்னால் அந்தச் சிரிப்பு திரும்பி வரும், இன்றைக்கு ராத்திரி வரைக்குமாவது.

“எத்தனை ராத்திரி குளிர்ல நின்னேன், தெரியுமா உனக்கு?” என்றாள் நாத்தனார். “காய்ச்சலோட நின்னேன். எல்லாவனும் சிரிச்சானுங்க. ஒரே ஒரு தடவை, என் பேர்ல ஒண்ணு இருக்கட்டும்னு நினைச்சா அது பேராசையா? சொல்லு. ஒருவேளைன்னு சொல்லு.”

“அண்ணி, இந்த லிஃப்ட் மேல போறப்ப பிரேக் பிடிச்சு, கீழ வர்றப்ப பிடிக்கலைன்னா, ஒருவேளை சரியா இருக்கும்னு கையெழுத்துப் போடுவீங்களா?”

மெக்கானிக் இருமினார். நாத்தனார் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் இருமல் நின்றுவிட்டது. பிறகு அவள் டச்சப்பைப் பார்த்தாள்.  முடிந்தது, இனி படமும் வராது, போனும் வராது என்று டச்சப் நினைத்துக்கொண்டாள். இருந்தாலும் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

“என் பையை எடு,” என்றாள் நாத்தனார் மேனேஜரிடம்.

அவர் ஓடிப்போய் எடுத்துக்கொடுத்தார். ஆறு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. லிஃப்ட் கூரைமேல் நின்றபடியே நாத்தனார் டாக்டரைக் கூப்பிட்டாள். “நான்தான் பேசறேன். திருப்ப வேண்டாம். ஆமா. கிழக்குப் பாதியில இல்ல. முன்னாடி சொன்னது தப்பு.” அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். “யார் பண்ணினாங்கன்னா? நான்தான். படம் என் படம், தப்பும் என் தப்பு. சரி. சரிங்க, புரியுது. அந்த நேரத்தை வேற யாருக்காவது குடுங்க.” போனை அணைத்து, பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்தாள். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்க அவள் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

டச்சப்பின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கையில் இருந்த படங்கள்மேல் விழாமல் இருக்க அவற்றைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணு கேக்கறேன்,” என்றாள் நாத்தனார், ஜிப்பைப் பார்த்துக்கொண்டே. “மாதிரிக்குப் பச்சைப் படத்தைத்தான் வைக்கணும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு முடிச்ச படத்தை வெச்சே?”

அவசரத்தில் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பொய் சொல்லவா பதினோரு மாடி ஏறினாள்? “அதுலதான் அது நல்லாத் தெரிஞ்சுது அண்ணி. அது இருக்கணும்னு இருந்துச்சு. உங்களுக்காக.”

நாத்தனார் தலைக்கவசத்தைக் கழற்றினாள். முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. கொஞ்சம் நரைத்திருந்தது. கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை, அழுகிற ஜாதி இல்லை அவள். திட்டப் போகிறாள் என்று டச்சப் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

“நாளைக்குக் காலையில வீட்டுக்கு வா,” என்றாள் நாத்தனார்.

டச்சப்புக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. “எந்த வீட்டுக்கு?”

“என் வீட்டுக்குத்தான், வேற எந்த வீட்டுக்கு? முதல் ராத்திரிப் படத்துலேர்ந்து எல்லாத்தையும் எடுத்துட்டு வா. இனிமே என் பக்கத்துல உக்காந்து, என் கண்ணு முன்னாடிதான் ஓட்டணும். உன்னைத் தனியா விட்டா எனக்காக நீ வானத்தையே மாத்தி வெச்சிடுவே.”

சொல்லிவிட்டு அவள் தலைக்கவசத்தை மறுபடியும் மாட்டிக்கொண்டு, மெக்கானிக்கைப் பார்த்து, “கீழ விடு, பிரேக்கைப் பாக்கலாம்,” என்றாள். பெட்டி மெதுவாக இறங்கியது. டச்சப் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தலைக்கவசம் இருட்டுக்குள் மறைகிற வரைக்கும் அழுதுகொண்டே நின்றாள்.